பாண்டிக்கு முன்னாடியே இறங்குங்க: மரக்காணம்

சென்னையிலிருந்து பாண்டிச்சேரிக்கு ஈசிஆர்ல போன எல்லாருமே மரக்காணத்தைப் பார்த்திருப்பீங்க. ரோட்டோரம் வெள்ளை வெளேர்னு உப்புக் குவியல், பாத்தி பாத்தியா தண்ணி, ஒரு செல்ஃபி, அவ்ளோதான், வண்டி கிளம்பிடும். "பாண்டியில என்னென்ன பார்க்கலாம் டாக்டர்?"னு கேட்கிறவங்களுக்கு என் பதில் ஒண்ணுதான்: அரைநாள் முன்னாடியே இறங்குங்க. ஏன்னு இந்த இழையில சொல்றேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

முதல்ல ஊருக்குள்ள இருக்கிற பூமீஸ்வரர் கோயில். சோழர் காலக் கற்கோயில். சுவர்ல இருக்கிற கல்வெட்டுகளைப் பாருங்க. ராஜராஜன் காலத்திலேயே இங்க உப்பு விளைஞ்சிருக்கு, கல்வெட்டுகள்ல உப்பளங்களும் வருது. 'அளம்'னாலே உப்பு விளையும் நிலம்தான். ஆயிரம் வருஷத்துல எத்தனையோ அரசு மாறிடுச்சு, தொழில் மாறல. (சம்பளம்ங்கிற சொல்லே உப்பளத்துலேர்ந்து வந்துச்சுன்னு ஒரு வாட்ஸ்அப் கதை உண்டு. ரோமானியப் படைவீரனுக்கு உப்பைத்தான் கூலியாக் கொடுத்தாங்கன்னு சொல்றதுக்கே பழைய ஆதாரம் கிடையாது. ரெண்டையும் நான் நம்புறதில்ல.)

இன்னும் பின்னாடி போகலாம். பத்துப்பாட்டுல ஒண்ணான சிறுபாணாற்றுப்படை, ஓய்மாநாட்டுத் தலைவன் நல்லியக்கோடனைப் பாடியது. அதுல வர்ற எயிற்பட்டினம்தான் இன்றைய மரக்காணம்னு அறிஞர்கள் சொல்றாங்க. அந்தப் பகுதியில எனக்கு ரொம்பப் பிடிச்ச காட்சி, அலை கொண்டுவந்து ஒதுக்கின வாசனை மரக்கட்டைகள் கரையில தூங்குற ஒட்டகங்கள் மாதிரி கிடக்கிறது. மீனவப் பெண்கள் அந்தக் கட்டையை அடுப்புல வெச்சு எரிக்கிறாங்க. அவங்க அரிச்சுக் கொடுக்கிற பழைய கள்ளும் சுட்ட மீனும்தான் பாணனுக்கு விருந்து. வெளிநாட்டு மரமும் ஒட்டக உவமையும் வர்ற கடற்கரைன்னா, அது சும்மா ஒரு குப்பமா இருந்திருக்க முடியாது.

அதே கரையிலதான், 2023 மே மாதம், எக்கியார்குப்பத்துல கள்ளச்சாராயம் குடிச்சுப் பத்துப் பேருக்கு மேல செத்தாங்க. மெத்தனால். நாட்டுல பாதிப் பேருக்கு மரக்காணம்ங்கிற பேரே அந்தச் செய்தியிலதான் தெரிஞ்சுது. எனக்கு அதுல ஒரு வருத்தம் உண்டு. இந்த இழை எழுத அதுவும் ஒரு காரணம்.

வடக்கே கொஞ்ச தூரத்துல கடப்பாக்கம் பக்கம் ஆலம்பரைக் கோட்டை. ஆற்காட்டு நவாபுகள் காலத்துக் கோட்டை, துறைமுகம், நாணயச்சாலை எல்லாம் இருந்த இடம். 1750-ல பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு, டூப்ளே செஞ்ச உதவிக்குப் பரிசா வந்துச்சு. பத்தே வருஷம். 1760-ல ஆங்கிலேயர்கள் பிடிச்சு இடிச்சுட்டாங்க. மிச்சத்துல கொஞ்சத்தை 2004 சுனாமி பார்த்துக்கிச்சு. இப்ப செங்கல் சுவரும் மணலும்தான். ஆனா சாயங்கால வெயில்ல அங்க நின்னுட்டு, அடுத்த நாள் பாண்டியில ரங்கப்பிள்ளை வீதிப் பக்கம் போங்க. டூப்ளேவோட துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை 1736-லிருந்து 1761 வரைக்கும் எழுதின நாட்குறிப்பு இந்தக் கரையோட கதைதான்.

இப்ப நான் முக்கியமா சொல்ல வந்த விஷயம். மரக்காணத்துல ஒரு கால்வாய் முடியுது. பக்கிங்காம் கால்வாய். ஆந்திராவுலேர்ந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடலை ஒட்டியே வந்து இங்க கழிமுகத்துல சேருது. ஒரு காலத்துல விறகும் உப்பும் நெல்லும் இதுலதான் படகுல சென்னைக்குப் போச்சு. பேரு எங்கேர்ந்து வந்துச்சு? 1876-78 பெரும்பஞ்சம். அப்ப சென்னை கவர்னர் பக்கிங்காம் பிரபு. சென்னைக்குள்ள அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கிற சுமார் 8 கிலோமீட்டரைப் பஞ்ச நிவாரண வேலையா வெட்ட வெச்சாங்க. தாதுவருஷப் பஞ்சம்னு நம்ம பாட்டிமார் சொல்வாங்களே, அதேதான். இந்தியா முழுக்க 50 லட்சத்துக்கு மேல செத்தாங்க.

நிவாரண வேலைக்குக் கூலி என்ன தெரியுமா? செலவைக் குறைக்க அனுப்பப்பட்ட ரிச்சர்ட் டெம்பிள் 1877 தொடக்கத்துல வெச்ச கணக்கு: ஒரு ஆணுக்கு நாளுக்கு 1 பவுண்டு தானியம், கூடவே சில்லறைக் காசு. 450 கிராம் அரிசின்னா சுமார் 1,600 கலோரி. நாள் பூரா மண்ணு வெட்டுற உடம்புக்கு இது பாதி கூடக் காணாது. இதை எதிர்த்து நின்னவர் ஒரு டாக்டர். சென்னை மாகாணத்து சுகாதார ஆணையர் டபிள்யூ. ஆர். கார்னிஷ். குறைஞ்சது ஒன்றரைப் பவுண்டு தானியம், அதோட பருப்பு, காய்கறி வேணும். இல்லேன்னா இது மெதுவாப் பட்டினி போட்டுக் கொல்றதுதான்னு அவர் வாதாடினார். சில மாசத்துல கூலியை உயர்த்தினாங்க. அதுக்குள்ள போன உயிர் போனதுதான். கால்வாய்க்குக் கவர்னர் பேரு. கார்னிஷை மருத்துவக் கல்லூரியில கூட யாரும் எனக்குச் சொல்லித்தரல.

இதோட உப்பு வரியையும் சேர்த்துப் பாருங்க. சென்னை மாகாணத்துல 1805-லேயே கம்பெனி உப்பைத் தன் ஏகபோகமாக்கிடுச்சு. பட்டினி, வயிற்றுப்போக்கு, காலரா. உடம்பு உப்பை இழந்துக்கிட்டே இருக்கிற நேரத்துலயும் உப்புக்கு வரி. 1930 ஏப்ரல்ல ராஜாஜி திருச்சியிலேர்ந்து வேதாரண்யத்துக்கு நடந்தது வெறும் அடையாளப் போராட்டம்னு நினைக்கிறவங்க, ஓஆர்எஸ் பாக்கெட்டுல என்ன இருக்குன்னு ஒரு தடவை படிங்க.

வேதாரண்யத்துல நினைவிடம் இருக்கு. மரக்காணத்துல உப்புக்குன்னு ஒரு அருங்காட்சியகம் கிடையாது. 3,000 ஏக்கருக்கு மேல விளையுது, ஆயிரம் வருஷக் கல்வெட்டு இருக்கு, கால்வாய் இருக்கு; நாலு படமும் ஒரு பழைய வாருபலகையும் வைக்க ஒரு அறை இல்ல. எழும்பூர் மியூசியத்தை 1851-ல ஆரம்பிச்சு நடத்தினவரே எட்வர்ட் பால்ஃபர்ங்கிற டாக்டர்தான். அதனால இதைக் கேட்க எனக்கும் கொஞ்சம் உரிமை இருக்குன்னு நினைக்கிறேன்.

உப்பளத்துல வேலை செய்றவங்களைப் பார்த்தா போட்டோ எடுக்கிறதுக்கு முன்னாடி பேசுங்க. மேல வெயில், கீழே பாத்தியிலேர்ந்து திருப்பி அடிக்கிற வெயில். தமிழ்நாட்டு உப்பளங்கள்ல நடந்த ஆய்வுல பெரும்பாலானவங்க பாதுகாப்பு வரம்பைத் தாண்டின வெப்பத்துல வேலை செய்றது தெரிஞ்சுது. சிலருக்குச் சிறுநீரகச் செயல்பாடும் குறைஞ்சிருந்துச்சு. கழிப்பறை இல்லாததால பெண்கள் தண்ணி குடிக்கிறதையே குறைச்சுக்கிறாங்க. நீர்க்கடுப்பும் கல்லும் அங்கேர்ந்துதான் வருது.

குளிர்காலத்துல போனா கழுவேலியையும் விட்டுடாதீங்க. 2021-ல பறவைகள் சரணாலயம், 2024-ல ராம்சார் பட்டியல். காலையில சீக்கிரமாப் போகணும்.

கடைசியா, ரோட்டோரத்துல கல்லுப்பு மூட்டை வாங்குறவங்களுக்கு: கடல் உப்புல இயற்கையா அயோடின் நிறைய இருக்குன்னு சொன்னா நம்பாதீங்க, கிட்டத்தட்ட ஒண்ணும் கிடையாது. வாசல்ல திருஷ்டி கழிக்க வாங்கிக்கோங்க. சமையலுக்கு, முக்கியமா வீட்டுல கர்ப்பிணியோ குழந்தையோ இருந்தா, அயோடின் சேர்த்த உப்புதான்.