மானம் என்ற சொல்லும் போரின் ஆயுதமும்: காரைநகரை முன்வைத்துச் சில குறிப்புகள்

2014 யூலை மாதம் காரைநகரில் பள்ளிச் சிறுமியொருத்தி பாலியல் வல்லுறவுக்கு உள்ளாக்கப்பட்டாள் என்ற முறைப்பாட்டின்பேரில் கடற்படையினர் எழுவர் கைதாகினர். யுத்தம் முடிந்ததாக அரசு அறிவித்து அப்பொழுது ஐந்து ஆண்டுகள் கழிந்திருந்தன. எனவே இதனைப் போர்க்காலக் குற்றங்களுடன் சேர்த்து நோக்கலாமா என்ற வினா எழுவது இயல்பே. நோக்கலாம் என்பதே எமது கருத்து. போர் ஓய்ந்தபோதும், அது உருவாக்கிய அதிகார உறவு அவ்வூரைவிட்டு நீங்கவில்லை.

காரைநகரைப் பொன்னாலைப் பாலமே குடாநாட்டுடன் இணைக்கிறது. கடற்படைத் தளம் அங்கு பல தசாப்தங்களாக உள்ளது. தென்னிலங்கைக் கடைகளில் ஆண்கள் தொழில் புரிய, வீட்டையும் வளவையும் பெண்களே பராமரித்து வந்த ஊர் அது. 1990களின் தொடக்கத்தில் தீவுகள் படையினர் வசமாகியபோது மக்களிற் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தனர். வசதியுள்ளோர் கொழும்புக்கும் வெளிநாடுகளுக்கும் சென்றனர். முகாமின் அயலில் வாழ நேர்ந்தோர் பெரும்பாலும் போக்கிடமற்ற வறியோரே. இதே தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த புங்குடுதீவில் 1999 டிசம்பரில் ஒரு பெண்ணும் 2005 டிசம்பரில் இன்னொரு பெண்ணும் வல்லுறவின் பின் கொல்லப்பட்டனர். இரண்டிலும் குற்றச்சாட்டு கடற்படையினர்மீதே எழுந்தது.

இதனை இனவெறி ஒன்றினால் மட்டும் விளக்கிவிட முடியாது. 1971 ஏப்பிரலில் கதிர்காமத்தில் பிரேமாவதி மனம்பேரி என்ற சிங்கள யுவதியை இராணுவத்தினர் நிர்வாணமாக்கி வீதியில் நடத்திச் சென்று சுட்டனர். கிளர்ந்தெழுந்த கிராமப்புற இளைஞரை அடக்கப் புறப்பட்ட படை அது. 1987இல் வந்த இந்தியப் படையினரின் பாலியல் வன்முறைகளை ராஜினி திராணகம 'முறிந்த பனை'யில் பதிவுசெய்தார். அவரே 1989 செப்டெம்பர் 21இல் சுட்டுக்கொல்லப்பட்டார். அக்கொலைக்கான பொறுப்பு விடுதலைப் புலிகள்மீதே சுமத்தப்படுகின்றது. நம்மவரின் வரலாற்றெழுத்து இதனை வசதியாகத் தாண்டிச் செல்வதுண்டு.

இவ்வாயுதத்தின் வலிமையிற் பாதி, தாக்கப்படும் சமூகத்திடமிருந்தே அதற்குக் கிடைக்கிறது. பெண்ணுடலைக் குடும்பத்தினதும் சாதியினதும் உடைமையாகக் கருதும் நிலமானியச் சிந்தனையில், அவள்மீதான தாக்குதல் ஆண்களின் மானத்தின்மீதான தாக்குதலாகிவிடுகிறது. 'கற்பழிப்பு' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். அழிந்தது கற்பு, இழந்தவள் அவள். செய்தவன் அச்சொல்லில் எங்குமே இல்லை. குற்றத்தை மறைக்கக் குடும்பமே முற்படுவதன் வேரும் இங்குதான் உள்ளது. இது தமிழுக்கு மட்டும் உரிய குறைபாடன்று. 1949ஆம் ஆண்டின் நான்காவது ஜெனீவா உடன்படிக்கையும் தனது 27ஆம் உறுப்புரையில் வல்லுறவைப் பெண்ணின் கௌரவத்தின்மீதான தாக்குதலாகவே வகுத்தது.

1998 இவ்வகையில் கவனத்துக்குரிய ஆண்டாகும். அவ்வாண்டு செப்டெம்பரில் ருவாண்டாவுக்கான சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம், அக்காயேசு வழக்கில், வல்லுறவும் இனப்படுகொலைச் செயலாக அமையலாம் எனத் தீர்த்தது. அதற்கு இரு மாதங்களுக்கு முன்னர்தான் கொழும்பில் கிருசாந்தி குமாரசாமி வழக்கின் தீர்ப்பு வெளியாயிற்று. 1996இல் செம்மணிச் சோதனைச்சாவடியில் மறிக்கப்பட்டு, வல்லுறவின் பின் கொல்லப்பட்ட மாணவி அவர். படையினர் சிலருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. ஆயின் சட்டம் அங்கு தனிமனிதரையே கண்டது, சோதனைச்சாவடியைக் காணவில்லை. குற்றவாளிகளுள் ஒருவரான சோமரத்ன ராஜபக்ச, செம்மணியில் நூற்றுக்கணக்கானோர் புதைக்கப்பட்டுள்ளனர் எனக் கூறியபோதே அச்சாவடியின் பின்னாலிருந்த அமைப்பு வெளித்தெரிந்தது. 1999இல் அங்கு 15 எலும்புக்கூடுகள் தோண்டியெடுக்கப்பட்டன.

காரைநகர்ச் சிறுமியின் பெயரை நாம் இங்கு எழுதவில்லை. மானத்தைக் காக்கும் நோக்கம் எமக்கில்லை. முகாம் உள்ள ஊரில் முறைப்பாடு செய்வோர் எதிர்கொள்ளும் அச்சமே அதற்குக் காரணம்.