முன்பணமும் குடியிருப்போர் உரிமையும்

ஊர்விட்டு ஊர் வந்து பிழைப்பவன் முதலில் தேடுவது தலைக்கு மேல் ஒரு கூரை. மாதந்தோறும் வாடகை தருவது அவனுக்கு இயலக்கூடியதே. வாசற்படி ஏறுமுன் பத்து மாத வாடகையை ஒருசேர எண்ணி வைக்கச் சொல்லும்போதுதான் அவன் கடன்காரனாகிறான். ‘அட்வான்ஸ்’ என்று வழங்கும் இம்முன்பணம் வழக்கத்தால் வளர்ந்தது. சட்டமோ நெடுங்காலம் அதற்கு அணை போடவே முயன்றது.

1915-ஆம் ஆண்டு, முதல் உலகப் போரின் நடுவே, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வாடகை உயர்வை எதிர்த்துப் பெண்கள் திரண்டனர். அவர்களை முன்னின்று நடத்தியவர்களுள் மேரி பார்பர் குறிப்பிடத்தக்கவர். அக்கிளர்ச்சியின் பயனாக அதே ஆண்டில் பிரித்தானிய நாடாளுமன்றம் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றியது. குடிபுகுவதற்கென வாங்கும் தனித் தொகையையும் அச்சட்டம் விலக்கியது. வாடகைக்கு வரம்பு கட்டிவிட்டு முன்தொகையை விட்டுவைப்பது, தெருக்கதவை அடைத்துக் கொல்லைக் கதவைத் திறந்து வைப்பதாகும் என்பதை அன்றே உணர்ந்திருந்தனர்.

சென்னை மாகாணத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால ஆணையாகத் தொடங்கிய கட்டுப்பாடு, 1946, 1949-ஆம் ஆண்டுச் சட்டங்களாக வளர்ந்து, 1960-இல் 18-ஆம் எண் சட்டமாக நிலைபெற்றது. அதன் ஏழாம் பிரிவு, ஒரு மாத வாடகைக்கு மேற்படாத தொகையையே முன்பணமாகப் பெறலாம் என்றது. மிகுதியாக வாங்கியதைத் திருப்பித் தரவேண்டும். அல்லது குடியிருப்பவர் விரும்பினால் வாடகையில் கழிக்கவேண்டும். ஆயினும் இச்சட்டம் தானாகவே செல்லுபடியானது சென்னை, மதுரை மாநகரங்களிலும் நகராட்சிகளிலுமே. ஏனைய ஊர்கள் அரசின் அறிவிக்கைக்குக் காத்திருந்தன.

சட்டம் ஒரு மாதம் என்றது. நடைமுறை பத்து மாதம் என்றது. வீடு தேடி நிற்பவன் வழக்குப் பேசினால் வீடு கிடைக்காது. ஆகவே அவன் வாய்மூடிப் பணம் கொடுத்தான். பல வேளைகளில் பற்றுச்சீட்டும் பெறவில்லை. குடிபுகும் நாளில் உறங்கிய ஏழாம் பிரிவு, வெளியேற்ற வழக்கு வந்த நாளில்தான் விழித்தது. கூடூர் மாடர்ன் ஹோட்டல் வழக்கில் 1989-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், குடியிருப்பவரின் மிகைத் தொகை உரிமையாளர் கையில் இருக்கும்போது வாடகை பாக்கி என்று கூறி வெளியேற்ற இயலாது என முடிவு செய்தது. அது ஆந்திரச் சட்டத்தின்கீழ் எழுந்த வழக்கு. அக்கொள்கையையே 1996-இல், நரசிம்மராவ் – நசீமுத்தீன் அகமது வழக்கில், தமிழ்நாட்டுச் சட்டத்திற்கும் பொருத்திக் காட்டியது.

இப்பாதுகாப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. 2017-ஆம் ஆண்டின் 42-ஆம் எண் சட்டம் 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்து, 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கியது. புதிய சட்டத்தில் முன்பண வரம்பு மூன்று மாத வாடகை. ஆனால் ‘மாறான உடன்பாடு இருந்தாலன்றி’ என்ற ஒரு தொடர் அவ்வரம்பின்மேல் அமர்ந்திருக்கிறது. வீடு வேண்டி நிற்பவன் எந்த உடன்பாட்டில்தான் கையொப்பமிட மாட்டான்? 2021-இல் மத்திய அமைச்சரவை ஏற்ற மாதிரிச் சட்டமோ குடியிருப்புக்கு இரண்டு மாத வாடகையையே வரம்பாக வகுத்தது.

அதே 2019-ஆம் ஆண்டு நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. தலைநகராகும் ஊருக்கு அலுவலகங்கள் வரும், அலுவலர் வருவர், வாடகை வீட்டிற்குப் போட்டி மிகும். அப்போட்டியில் மாதச் சம்பளக்காரரோடு மல்லுக்கு நிற்க வேண்டியவர்கள் கருணாபுரம் போன்ற பகுதிகளின் கூலித் தொழிலாளர்கள். மேற்கே கல்வராயன் மலையில் ஜாகீர்தார்களின் ஆதிக்கம் 1976-இல்தான் அரசின் கைக்கு மாறியது. நிலம் உடையவனுக்கும் இல்லாதவனுக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வை அறியாத மண்ணன்று இது.

வீட்டுக்காரர் பக்கத்து நியாயத்தையும் மறுப்பதற்கில்லை. ஒற்றை அறை வாடகையில் காலம் தள்ளும் முதியோர், மின்கட்டண பாக்கிக்கும் சுவர்ச் சேதத்திற்கும் அஞ்சுவது இயல்பே. அவ்வச்சத்திற்கு மூன்று மாத வாடகை போதிய ஈடு. அதற்கு மேற்பட்டது வட்டியில்லாக் கடன். அதுவும் இல்லாதவன் உள்ளவனுக்குத் தரும் கடன்.

ஆகவே எழுத்தில் ஒப்பந்தமும் கையில் பற்றுச்சீட்டும் இன்றி முன்பணம் கைமாறலாகாது. ஒப்பந்தத்தை வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்வதும் இன்றியமையாதது. உரிமை ஏட்டில் இருந்தால் போதாது. அதைக் கேட்பவன் கையில் சான்று இருக்கவேண்டும் என்பதே இவ்வரலாறு நமக்கு விட்டுச்சென்ற பாடம்.