வைக்கிங் மக்களின் பண்ணை வீடு



வைக்கிங்குகளைப் படம் வரையச் சொன்னால் என் வகுப்புப் பிள்ளைகள் கொம்பு வைத்த தலைக்கவசத்தையும் கொள்ளைக் கப்பலையுமே வரைகிறார்கள். அந்தக் கொம்பு பிற்காலத்தவரின் கற்பனை. கொள்ளை உண்மைதான், 793-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லிண்டிஸ்பார்ன் மடத்தை அவர்கள் சூறையாடினர். ஆனால், நார்வே, டென்மார்க், சுவீடன் ஆகிய நாடுகளில் அக்காலத்தில் வாழ்ந்தவர்களுள் பெரும்பாலோர் கொள்ளைக்குப் போனவர்கள் அல்லர். மாடு வளர்த்தும் பார்லி விதைத்தும் பிழைத்த குடியானவர்கள்.

1981-ஆம் ஆண்டு, வட நார்வேயின் லோபோட்டன் தீவுகளில் போர்க் என்னும் ஊரில் ஒருவர் நிலத்தை உழுதபோது பழம்பொருள்கள் சில மேலே வந்தன. பின்னர் ஆய்வாளர்கள் அங்கே தோண்டினார்கள். 83 மீட்டர் நீளமுள்ள ஒரு வீட்டின் அடித்தடம் தெரிந்தது. கண்டறியப்பட்ட வைக்கிங் கால வீடுகளில் இதுவே மிக நீளமானது என்பர். அது ஒரு தலைவனின் வீடு. சாதாரணக் குடியானவனின் வீடு அதில் பாதிகூட இராது. ஆனாலும் கட்டிய முறை ஏறத்தாழ ஒன்றுதான்.

உள்ளே இரண்டு வரிசைத் தூண்கள் கூரையைத் தாங்கின. மரம் குறைந்த இடங்களில், புல்லும் வேருமாக வெட்டியெடுத்த மண்கட்டிகளை அடுக்கித் தடித்த சுவர் எழுப்பினர். குளிருக்கு அதைவிட நல்ல சுவர் இல்லை. நடுவே நீண்ட அடுப்பு. சுவரோரமாக இருபுறமும் திண்ணை; பகலில் உட்காரவும் இரவில் படுக்கவும் அதே திண்ணைதான். புகைபோக்கி கிடையாது. கூரையிலிருந்த துவாரத்தின் வழியாகத்தான் புகை வெளியேற வேண்டும். சமைத்த பெண்களின் கண்கள் என்ன பாடுபட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

பல வீடுகளில் ஒரு கோடியில் மக்கள், மறு கோடியில் மாடுகள். பனிக்காலம் முழுவதும் மாடுகள் வெளியே மேய முடியாது. ஆகவே, கோடையில் புல் அறுத்து, உலர்த்தி, சேர்த்து வைப்பதே ஆண்டின் பெரிய வேலை. இலையுதிர் காலத்தில் வைக்கோலைக் கணக்குப் பார்ப்பார்கள். எத்தனை மாட்டுக்குத் தீனி போதுமோ அத்தனையை வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டிவிடுவார்கள். மழை பெய்து புல் அழுகிவிட்டால் பனிக்காலத்தில் பால் இல்லை, வெண்ணெய் இல்லை, பாலாடைக்கட்டியும் இல்லை.

வீட்டின் சாவி மனைவியின் இடுப்பில் தொங்கியது. பெண்களின் கல்லறைகள் சிலவற்றில் அந்தச் சாவிகள் கிடைத்துள்ளன. ஆட்டு மயிரை நூற்று, கல் கட்டித் தொங்கவிட்ட நெடுந்தறியில் நெய்தவர்களும் பெண்களே. கப்பலின் பாயும் கம்பளித் துணிதான். கடலோடிகளின் புகழைப் பாடுகிறவர்கள் இந்தத் தறியை மறந்துவிடுகிறார்கள்.

தலைவனின் வீட்டில் தங்கத் தகடுகளும் கண்ணாடிக் கிண்ணத்தின் துண்டுகளும் கிடைத்தன. அவை அவன் பெருமையைச் சொல்கின்றன. ஆனால், இத்தகைய பண்ணைகளில் அடிமைகளும் இருந்தார்கள். போரில் பிடிபட்டவர்கள், அடிமைக்கே பிறந்தவர்கள். ரீக்ஸ்தூலா என்ற பழைய நோர்சு மொழிப் பாடல் அடிமைக் குடும்பத்தின் வேலைகளை வரிசையாகச் சொல்கிறது: வயலுக்கு எருவிடுதல், வேலி கட்டுதல், பன்றியும் ஆடும் மேய்த்தல், மண்கட்டி வெட்டுதல். அக்குடும்பத்துப் பிள்ளைகளின் பெயர்களையும் அப்பாடல் தருகிறது. ஒருவன் பெயருக்குக் குதிரை ஈ என்று பொருள். இன்னொருவன் பெயருக்கு நாறுகிறவன் என்று பொருள். பெற்ற தாய் வைத்த பெயர்களாக அவை இருந்திருக்க முடியாது.