‘முறுவல்’: ஒரு சொல்லாராய்ச்சி

நெய்வேலி நகரியத்தில் நடைபெறும் கீதை வகுப்பொன்றில், இரண்டாம் அத்தியாயத்துப் பத்தாம் சுலோகத்தை அநுஸந்தித்து முடித்ததும், சுரங்கத்தில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் எழுந்து கேட்டார்: “அர்ஜுனன் ‘ப்ரபந்நன்’ என்று தன்னைச் சொல்லிக்கொண்டபின் இரண்டு சுலோகங்களே கடந்துள்ளன. அதற்குள் பகவான் அவனை ஏளனம் செய்யலாமா, ஸ்வாமி?” அடியேன் கையிலிருந்த தமிழுரையில் ‘ஏளனமாக நகைத்து’ என்றே அச்சிட்டிருந்தது. சரணம் புக்கவனைச் சிரிப்பவன் சரண்யன் ஆவது எங்ஙனம்? அன்று விடை கூற இயலவில்லை.

இடர்ப்பாடு ‘நகை’ என்ற சொல்லிலிருந்தே தொடங்குகிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்து, எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களைக் கூறும். எள்ளலே முன்னிற்றலால், நகைத்தான் என்ற அளவிலேயே கேட்போர் நெஞ்சம் இகழ்ச்சியை நோக்கிச் சாய்கிறது. பேராசிரியர் நகையை முறுவலித்தல், அளவே சிரித்தல், பெருகச் சிரித்தல் என மூவகைப்படுத்துவர். முறுவல் அவற்றுள் மெல்லியது.

அதனை வடமொழி ‘ஸ்மிதம்’ என்று கொண்டுவிடலாமோ எனின், முற்றும் பொருந்தாது. பரதமுனிவர் கூறும் அறுவகை ஹாஸ்யத்துள் முதலாவதான ஸ்மிதத்தில் பல் தோன்றாது. அடுத்ததாகிய ஹஸிதத்தில் சிறிதே தோன்றும். இரண்டும் உத்தமர்க்கு உரியன. தமிழிலோ முறுவல் என்பதற்குப் பல் என்றும் பொருளுண்டு. நகை, மூரல் என்பனவும் அத்தகையனவே. ஆதலின் முறுவல் ஸ்மிதத்துக்கும் ஹஸிதத்துக்கும் இடையே நிற்பது எனலாம். (‘முறுவல்’ என்றே பெயரிய நாடகத்தமிழ் நூல் ஒன்று இறந்துபட்டதென அடியார்க்குநல்லார் உரையால் அறிகிறோம். அது கிடைத்திருப்பின் இவ்வுழைப்பில் பாதி மிஞ்சியிருக்கும்.)

இப்பொருள்நயம் திருவாய்மொழி ஏழாம் பத்து, ஏழாம் திருமொழியில் விளங்கும். கண், மூக்கு, அதரம், புருவம் எனத் தலைமகளை நலிந்து வந்த அவயவ வரிசையில் ஐந்தாவதாக நிற்பது, குன்றமெடுத்த பிரானுடைய முறுவல். அது வெண்மின்னலோ முத்தோ என்று அவள் ஐயுறுகிறாள். பல்வரிசையின் வெண்மை தோன்றாவிடில் அவ்வையத்துக்கு இடமேயில்லை. அம்முறுவல் ஆறுதல் அளிப்பதுமன்று. அவள் ஆவியைச் சுடுகிறது. ‘மந்தஹாஸம்’ என்று மட்டும் மொழிபெயர்ப்பின் மின்னலும் போயிற்று, சூடும் போயிற்று. நமக்குத் தெற்கே காட்டுமன்னார்கோயிலில் அவதரித்த ஆளவந்தார் ஸ்தோத்ர ரத்நத்தில் எம்பெருமான் திருமுகத்தை ‘சுசிஸ்மிதம்’ என்று விசேஷித்தார். ‘சுசி’ என்பதற்குத் தூய்மையோடு வெண்மையும் பொருளாதலின், ஆழ்வார் கண்ட வெண்மை அங்கும் நிழலாடுவதாகவே அடியேனுக்குத் தோன்றுகிறது.

இனி, கீதைச் சொல். ‘ப்ரஹஸந் இவ’ என்பதில் ‘ப்ர’ என்னும் உபஸர்க்கம் நகையை மிகுவிக்கிறது. ‘இவ’ அதனைத் தடுக்கிறது. ஏளனம் என்று எழுதிய உரைகாரர் ‘இவ’வை மறந்தார். அத்வைதியாகிய மதுஸூதந ஸரஸ்வதியும் இவ்விடத்தை எளிதாகக் கடக்கவில்லை. தகாத செயலை வெளிப்படுத்தி நாணச் செய்வது ப்ரஹாஸம். அர்ஜுனன் பகவத்க்ருபைக்கு விஷயமாதலால் இங்கு அது முக்யமன்று, கௌணமே என்பது அவர் கருத்து.

எம்பெருமானார் ஸ்ரீகீதாபாஷ்யத்தில் சென்ற வழி வேறு. பரிஹாஸ வாக்யம் சொல்லுவான்போல என்று பொருள் அருளிச்செய்து, அங்ஙனம் சொல்லப்பட்டது யாது என்பதையும் உடனே வரையறுக்கிறார்: ‘நத்வேவாஹம்’ என்று தொடங்கி ‘மாசுச:’ என்று தலைக்கட்டும் வரையிலான சாஸ்த்ரம் முழுவதும். பரிஹாஸத்தின் சாயல் தொடக்கத்தில் உண்டு என்பதை அவர் மறைக்கவில்லை. அவ்வாறு தொடங்கிய வார்த்தை எங்கே சென்று முடிகிறது என்பதையும் அங்கேயே காட்டிவிட்டார். சோகித்தவனைக் கண்டு அரும்பிய முறுவல், சோகியாதே என்ற வார்த்தையளவும் நீள்கிறது.

ஆதலின் அவ்விடத்தைத் தமிழில் ‘பரிஹஸிப்பான்போல முறுவலித்து’ என்று எழுதுதல் தகும். வெறும் ‘புன்முறுவலுடன்’ என்னில் பரிஹாஸம் விடுபடும். அடுத்த வகுப்பில் இதை விண்ணப்பிக்கக் காத்திருந்தேன். அவ்விளைஞருக்கு அன்று இரவு ஷிப்ட், வரவில்லை. உரைநூலின் அப்பக்கத்தில் ‘ஏளனமாக’ என்பதை அடித்துத் திருத்தி, அவர் பார்வைக்கென்று வைத்திருக்கிறேன்.