உறைகடலில் ஒரு சென்னைக் கருவி



கடம்பூர் என்றால் போளியும் கரிசல் காடும்தான் ஞாபகத்துக்கு வரும். அந்த ஊர்க்காரன் வடதுருவக் கடலைப் பற்றி எழுத வந்தால், "உனக்கும் பனிக்கடலுக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று கேட்கத்தான் செய்வீர்கள். இருக்கிறது. அது மழை சம்பந்தம்.

முதலில் கொஞ்சம் சரித்திரம். நார்வேக்கும் வடதுருவத்துக்கும் ஏறத்தாழ நடுவே ஸ்வால்பார்டு தீவுகள் உள்ளன. அங்குள்ள நை-ஆலசுண்ட் என்ற சிற்றூரில் ஒரு காலத்தில் நிலக்கரி வெட்டினார்கள். 1926 மே மாதம் ரோல்டு அமுண்ட்சென் குழுவினர் 'நோர்கே' என்ற ஆகாயக் கப்பலில் இங்கிருந்து கிளம்பித்தான் வடதுருவத்தைக் கடந்தார்கள். 1962-ல் நடந்த சுரங்க விபத்தில் 21 பேர் மாண்டார்கள்; சுரங்கமும் மூடப்பட்டது. பிறகு அவ்வூர் பல நாட்டு விஞ்ஞானிகளின் ஆய்வுக்கூடமாயிற்று.

1920-ல் கையெழுத்தான ஸ்வால்பார்டு உடன்படிக்கையில் அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவும் சேர்ந்திருந்தது. ஆனால் நம் விஞ்ஞானிகளின் முதல் ஆர்க்டிக் பயணக்குழு அங்கே போய்ச் சேர்ந்தது 2007-ல்தான். 2008 ஜூலையில் 'ஹிமாத்ரி' ஆய்வு நிலையம் திறக்கப்பட்டது.

என்னைப் போன்ற பொறியாளர்களுக்குப் பிடித்த கதை இதற்குப் பிறகுதான். சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் 'இண்டார்க்' என்ற கடலடிக் கண்காணிப்புக் கருவித் தொகுதியை உருவாக்கியது. 2014 ஜூலையில் நார்வேயின் 'லான்ஸ்' ஆய்வுக் கப்பலில் ஏற்றிப்போய், கோங்ஸ்ஃபியோர்டு என்ற கடற்கழியில், 192 மீட்டர் ஆழமுள்ள இடத்தில் இறக்கினார்கள். அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீரும் ஆர்க்டிக்கின் குளிர்ந்த நீரும் கலக்கும் இடம் அது.

நான் வேலை பார்க்கிற இடத்தில் ஒரு சென்சார் மக்கர் பண்ணினால் ஸ்க்ரூடிரைவரோடு போய் நின்றுவிடலாம். அங்கே அது நடக்காது. குளிர்காலத்தில் மாதக்கணக்காகச் சூரியனே தலைகாட்டாது. எனவே அடியில் கனத்த நங்கூரம், அதிலிருந்து மேலெழும் கயிறு, கயிற்றை நிமிர்த்திப் பிடிக்க மிதவைகள், இடையிடையே வெப்பம், உப்புத்தன்மை, நீரோட்டம் அளக்கும் கருவிகள். மிதக்கும் பனிக்கட்டி மோதாதபடி எல்லாமே நீர்மட்டத்துக்குக் கீழே. இத்தகைய அமைப்பைத் திரும்ப எடுக்க, கப்பலிலிருந்து ஒலிச் சமிக்ஞை கொடுப்பார்கள். கொக்கி விடும்; நங்கூரம் கீழே தங்கிவிட, மற்றதெல்லாம் மேலே வரும். கொக்கி விடவில்லையென்றால் அத்தனை மாத உழைப்பும் கடலோடு போச்சு! இண்டார்க்கை மறு ஆண்டே வெளியே எடுத்து, திரும்பவும் இறக்கினார்கள்.

எதற்கு இந்தப் பாடு? வடதுருவப் பனி உருகுவதற்கும் நம் நாட்டுப் பருவமழைக்கும் உள்ள தொடர்பை ஆராய்வது இந்தியாவின் ஆர்க்டிக் ஆய்வுகளின் முக்கிய நோக்கங்களில் ஒன்று. விடை முழுதாகக் கிடைத்துவிடவில்லை. அதற்குப் பல வருடக் கணக்கு வேண்டும்; குளிர்காலக் கணக்கும் வேண்டும். அதனால்தான் 2023 டிசம்பரில் முதல் குளிர்காலப் பயணக்குழுவையும் நம் நாடு அனுப்பியது.

வானத்தைப் பார்த்து உளுந்தும் பாசியும் பருத்தியும் விதைக்கிற மானாவாரிச் சீமை நம்முடையது. மழை பொய்த்தால் விதைநெல் மட்டுமா போகும்? பிள்ளைகளின் படிப்பும் சேர்ந்து போகும். நம்மில் எத்தனை பேர் அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவர்கள்!

தம்பி தங்கைகளே, ஆராய்ச்சி என்றால் நமக்கெட்டாத விஷயம் என்று ஒதுங்கிவிடாதீர்கள். நீங்கள் லேபில் படிக்கும் சென்சாரும் பேட்டரியும் சர்க்யூட்டும்தான் அந்த உறைகடலிலும் வேலை செய்கின்றன. அடுத்த கருவியை இறக்கும் கப்பலில் நம் கல்லூரிப் பிள்ளை ஒருவர் நிற்க வேண்டும் என்பதே என் ஆசை.