மலைநாட்டுத் தமிழரின் இசை: ஏட்டில் எழுதாத வரலாறு

வரலாறு என்றவுடன் கல்வெட்டும் செப்பேடும் அரசாங்கப் பதிவேடும் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயின், எழுதும் வாய்ப்பைப் பெறாத மக்களின் வரலாற்றை எங்ஙனம் அறிவது? இலங்கை மலைநாட்டுத் தமிழரைப் பொறுத்தவரை, இவ்வினாவிற்குரிய விடையிற் பெரும்பகுதி அவர்தம் பாட்டிலும் தப்பொலியிலும் அடங்கியுள்ளது. அவ்விசை பொழுதுபோக்கு மட்டுமன்று; வரலாற்றுச் சான்றுமாகும்.

1820களிலிருந்து காப்பித் தோட்டங்களுக்காகத் தஞ்சை, திருச்சி, மதுரை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து தொழிலாளர் வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். பசியாலும் நோயாலும் வழியிலேயே மாண்டவர் பலர். 1869இல் தோன்றிய இலைநோய் இருபதாண்டுக்குள் காப்பியை அழித்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையிற் பயிரிடத் தொடங்கிய தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது.

காப்பி மறைந்தபோதும் காப்பிப் பாட்டு மறையவில்லை. மலையேறிப் பழம் பறிக்கையில் ஒரு பழம் தவறியமைக்காகச் சின்னத்துரையிடம் உதைபட்ட துயரைக் கூறும் பாட்டு, காப்பித் தோட்டத்தைக் கண்ணாற் காணாத தலைமுறையினர் நாவிலும் வாழ்ந்தது. பாட்டில் ஆண்டில்லை, தேதியில்லை. வாய்வழி வருங்கால் சொற்கள் மாறுதலும் உண்டு. எனவே வரலாற்று மாணவன் அதனை ஆராய்ந்தே கொள்ளல் வேண்டும். எனினும், காப்பிப் பழம் என்னும் ஒரு சொல்லே பாட்டின் காலத்தை நமக்குக் காட்டிவிடுகின்றது. தோட்டக் கணக்கேடு பறித்த பழத்தை எண்ணியது. பறித்தவர் பட்ட அடியைப் பாட்டே எண்ணியது.

இப்பாடல்களைத் தேடித் தொகுத்தவருள் முதன்மையானவர் சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) ஆவார். வட்டகொடைப் பகுதியிலுள்ள மடக்கும்பரைத் தோட்டத்திற் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றஞ் சென்ற அவர், தொழிலாளரின் நாட்டுப் பாடல்களையும் இலக்கியச் செல்வமாக மதித்தார்.

பாட்டுக்கு அடுத்தது தப்பு. மரவளையத்தில் தோல் போர்த்து, தீயிற் காய்ச்சி, இரு குச்சிகளால் அடிக்கப்படும் இக்கருவிக்கு மலைநாட்டில் இருவேறு வாழ்க்கை இருந்தது. விடியற்காலையிற் பிரட்டுக் களத்துக்குத் தொழிலாளரை அழைத்த தப்பு, துரையின் கட்டளைக்குக் குரலாயிற்று. அதே தப்பு கோயில் திருவிழாவிலும் கூத்துக் களத்திலும் இறப்பு வீட்டிலும் மக்களின் சொந்தக் குரலாயிற்று. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தனித்தனி அடியுண்டு. தொலைவிலிருந்து கேட்போரும் செய்தி இன்னதென்று உணர்வர். இத்துணை நுண்மை வாய்ந்த கலை சாதியின் பெயரால் இழிவாக எண்ணப்பட்டமை நம் சமூகத்தின் குறையேயன்றித் தப்பின் குறையன்று.

மாசி மாதத்திற் காமன் கூத்தும், அதனையொத்த சிறப்புடைய அருச்சுனன் தபசும், பொன்னர் சங்கர் கதையும் இம்மக்கள் தமிழகத்திலிருந்து நெஞ்சிற் சுமந்து வந்தவை. சிவபெருமான் நெற்றிக்கண்ணால் காமன் எரிந்தபின் இரதி புலம்பும் கட்டத்தில், கணவனை இழந்த பெண்ணின் துயரம் லயத்து மக்கள் தம் துயரமாகின்றது.

புதுமையும் இவ்விசைக்குப் புறம்பானதன்று. தொழிற்சங்க முன்னோடியான கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள், இந்தியத் தமிழரின் நிலைமை குறித்த பாடல்களை 1940இல் சிறு நூலாக வெளியிட்டார். திரைப்பட மெட்டுகளை அவர் கையாண்டார். தோட்டங்களிற் பாடியே மக்களைத் திரட்டினார். எழுத்தறியாதாரிடம் அரசியலைக் கொண்டுசெல்லப் பாட்டினும் சிறந்த வாகனம் வேறில்லை.

ஆயின், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமும் இம்மக்களைப் பிளந்தன. அவ்வொப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியோராகப் பிரித்தது. கூத்து ஒருவரின் கலையன்று. அண்ணாவியார், தப்படிப்போர், வேடம் புனைவோர் யாவரும் கூடினாலன்றி நடவாது. ஓர் அண்ணாவியார் நீலகிரிக்குச் சென்றுவிட்டால், ஓர் ஊரின் நினைவே அவருடன் கப்பலேறிவிடும். எஞ்சிய இடத்தை வானொலியின் திரையிசை எளிதில் நிரப்பிற்று.

இத்தகைய பிரிவைத் தாங்கிய மற்றொரு மக்களை மத்திய அமெரிக்காவிற் காண்கின்றோம். செயின்ட் வின்சென்ட் தீவிலிருந்து 1797இல் ஆங்கிலேயரால் நாடுகடத்தப்பட்ட கரிபூனா மக்கள், இன்று பெலீஸ், ஹொண்டுராஸ், குவாத்தமாலா, நிக்கராகுவா என்னும் நாடுகளில் வாழ்கின்றனர். இறந்தோர் வீட்டில் அவர்கள் முழவொலிக்கு ஆடும் ஆட்டம் புந்தா எனப்படும். 1980ஐ அண்டி பெலீஸ் நாட்டு இளைஞர் அத்தாளத்தோடு மின்கித்தாரையும் சேர்த்தனர். ஆனால் முழவையும் தாய்மொழியையும் கைவிட்டாரல்லர். 2001இல் யுனெஸ்கோ அவர்தம் மொழி, ஆடல், இசை மூன்றையும் மனித குலத்தின் அரும் மரபுகளுள் ஒன்றாக அறிவித்தது. புதுமை பழமையின் பகையன்று. வேரைப் பற்றி நிற்பின், புதுமை அதன் கிளையே என்பதற்கு இஃது எடுத்துக்காட்டாகும்.

மலைநாட்டிலும் இன்று தப்பு மேடையேறுகின்றது. அது மகிழ்ச்சிக்குரியதே. எனினும், மேடைக்கு வராத அடிகளும் தாலாட்டும் ஒப்பாரியும் முதியோர் நெஞ்சில் மட்டுமே தங்கியுள்ளன. ஒரு பாட்டியின் மறைவோடு ஓர் ஆவணக் களரியே எரிந்துபோகின்றது. வரலாறு பயிலும் மாணவர் ஒவ்வொருவரும், விடுமுறைக்கு இல்லஞ் செல்லுங்கால், ஒரு பாட்டையேனும் கேட்டு, பாடியவர் பெயருடனும் ஊருடனும் எழுதி வருவாராயின், வருங்காலம் அவர்க்குக் கடமைப்பட்டிருக்கும்.