கண்ணாடிக்குள் மலர்ந்த பூக்கள்



நான் தலைமையாசிரியனாகப் பணியாற்றிய நாளில், என் மேசைமீது தாள்கள் காற்றில் பறவாதிருக்க ஒரு கண்ணாடிக் குண்டு இருந்தது. பேப்பர் வெயிட் என்று நாம் வழங்கும் அப்பொருளின் உள்ளே சிறு குமிழிகள் சில நின்றன. வருகைப் பதிவேட்டைக் கொண்டுவந்த சிறுவன் ஒருவன் ஒருநாள், “ஐயா, இந்தக் குமிழி உள்ளே எப்படிப் போயிற்று?” என்று வினவினான். எனக்கு விடை தெரியவில்லை. “அறிந்து சொல்கிறேன்” என்றேன். அவ்வினாவின் வழியே சென்றபோதுதான், ஒரு கைத்தொழில் தோன்றி, மறைந்து, மீண்டும் உயிர்பெற்ற வரலாற்றை நான் அறிந்தேன்.

1845ஆம் ஆண்டில் வியன்னா நகரில் ஒரு தொழிற்பொருட்காட்சி நடைபெற்றது. வெனிஸ் நகரைச் சேர்ந்த பியெத்ரோ பிகாலியா என்பவர், வண்ணத் துண்டுகள் பதித்த கண்ணாடிக் குண்டுகளை அங்கே வைத்தார். பிரான்சிலிருந்து சென்றிருந்த பேராசிரியர் யூஜின் பெலிகோ அவற்றைக் கண்டு, தம் நாட்டாருக்கு அறிக்கை எழுதினார். பிரெஞ்சுக் கண்ணாடித் தொழிற்சாலைகள் அப்போது புதுப்பொருள்களைத் தேடிக்கொண்டிருந்தன. தபால் வசதி பெருகிக் கடிதம் எழுதும் வழக்கமும் ஓங்கிவந்த காலம் அது. எனவே பாக்காரா, சான் லூயி, கிளிஷி என்னும் மூன்று ஊர்த் தொழிற்சாலைகளும் இத்தொழிலில் முனைந்தன. ஆசிரியரை மாணவர் விஞ்சுதல்போல, விரைவில் அவை வெனிஸ் நகரையும் விஞ்சின.

அக்குண்டினுள் பூக்களை எவ்வாறு வைத்தனர்? உருகிய வண்ணக் கண்ணாடியை அச்சிலிட்டு, மேலும் மேலும் வேறு வண்ணங்களால் போர்த்துவர். சூடு ஆறுமுன் இருவர் அதன் இருமுனைகளையும் பற்றிக்கொண்டு எதிரெதிர்த் திசையில் நடப்பர். அப்பிழம்பு நீண்டு மெல்லிய கோலாகும். உருவம் சிறுத்தாலும் உள்ளிருக்கும் கோலம் குலையாது. வாழைத்தண்டை நறுக்குந்தோறும் ஒரே வட்டம் தோன்றுவதுபோல, அக்கோலை நறுக்குந்தோறும் ஒரே பூ தோன்றும். அத்துண்டுகளை அடுக்கிச் சூடேற்றி, தெளிந்த கண்ணாடிப் பிழம்பால் மூடி, நனைந்த மரக்கட்டையால் உருட்டி வடிவமைப்பர். பின்னர்ச் சூளையில் மெல்ல மெல்ல ஆறவிடுவர். விரைந்து குளிர்ந்தால் கண்ணாடி வெடித்துவிடும். இவ்வகை வேலைக்கு இத்தாலிய மொழியில் மில்லெஃபியோரி, அதாவது ஆயிரம் பூக்கள் என்று பெயர். குவிந்த மேற்பரப்பு உருப்பெருக்கியாக நின்று, உள்ளிருக்கும் பூவைப் பெரிதாக்கிக் காட்டும்.

இக்கலையின் பொற்காலம் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளே. 1860ஆம் ஆண்டையொட்டி மக்களின் விருப்பம் வேறு பொருள்களின்மேற் சென்றது. 1870-71ஆம் ஆண்டுப் போரின் பின் சான் லூயி இருந்த நிலப்பகுதி ஜெர்மனியின் வசமாயிற்று. கிளிஷித் தொழிற்சாலை 1885இல் வேறொன்றோடு இணைந்து தன் தனிப்பெயரை இழந்தது. இடையிடையே ஓரிருவர் இத்தொழிலைச் செய்துவந்தனராயினும், தந்தையிடம் மகனும் மூத்தோரிடம் இளையோரும் கற்றுவந்த தொடர்ச்சி தளர்ந்தது. கையறிவு ஏட்டில் எழுதி வைக்கப்படுவதன்று. கற்பாரில்லையேல் அது கற்பித்தாரோடு மறையும்.

இரண்டாம் உலகப்போரில், 1944ஆம் ஆண்டில், பாக்காரா நகரத் தேவாலயம் குண்டுவீச்சால் அழிந்தது. 1951இல் அவ்விடிபாடுகளிடையே, அதன் அடிக்கல்லினுள் 1853 என்ற ஆண்டு பதித்த கண்ணாடிக் குண்டொன்று கிடைத்தது. பாட்டனார் தம் கைவண்ணத்தைப் பேரர்க்கெனப் புதைத்து வைத்ததுபோல அமைந்தது அந்நிகழ்ச்சி. இடிபாடுகளிலிருந்து அது வெளிப்பட்டபோது, அத்தகைய ஒன்றை மீண்டும் செய்வது எப்படி என்பதே கேள்வியாய் நின்றது.

அந்நாளிலேதான் பால் ஜோகல்சன் என்னும் அன்பர், இத்தொழிலை மீண்டும் தொடங்குமாறு பாக்காராவையும் சான் லூயியையும் தூண்டிவந்தார். வெண்ணிறச் சிற்றுருவைக் கண்ணாடிக்குள் பதிக்கும் பழைய முறை முதலில் கைகூடியது. 1953ஆம் ஆண்டில் இரண்டாம் எலிசபெத்து அரசியாரின் முடிசூட்டு விழாவையொட்டி அவ்வகைக் குண்டுகள் வெளிவந்தன. பாக்காராவில் ஆயிரம்பூ வேலை அதன் பின்னரே கைவந்தது. அதே 1953இல் பேப்பர் வெயிட் சேகரிப்போர் சங்கமொன்றை ஜோகல்சன் அமெரிக்காவில் நிறுவினார். இத்தனைதான் செய்வோம் என்று முன்னரே வரையறுத்து, அவ்வெண்ணிக்கை நிறைந்ததும் நிறுத்திவிடும் வழக்கம் இத்துறையில் வேரூன்றியது. அச்சங்கத்தாருக்கெனவே அவ்வாறு செய்யப்பட்ட குண்டுகளும் உண்டு.

“அருமையை வேண்டுமென்றே உண்டாக்குவது வாணிகத் தந்திரமன்றோ?” என்று நீங்கள் கேட்கலாம். நானும் முதலில் அவ்வாறே எண்ணினேன். அதில் உண்மையும் உண்டு. ஆயினும் அருமை இருவகைப்படும் என்பதைப் பின்னர் உணர்ந்தேன். பழைய குண்டுகள் அருமையாயின; காரணம், செய்த கைகள் ஓய்ந்தமை. புதியவை அருமையாயின, காரணம், வாங்குவோரும் செய்வோரும் கொண்ட உடன்பாடு. முன்னையது தொழிலின் மறைவால் வந்தது. பின்னையதோ, அடுத்த ஆண்டு அடுத்த கோலத்தைச் செய்யக் கைவினைஞனுக்கு வேலை தந்தது. அவனருகே நின்று கற்க ஓர் இளைஞனுக்கும் இடம் தந்தது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பழைய குண்டுகள் பலவற்றில் ஆண்டு உண்டு, தொழிற்சாலையின் முதலெழுத்து உண்டு. செய்தவன் பெயரோ பெரும்பாலும் இல்லை. பொருளைப் போற்றிய உலகம் கைகளை மறந்துவிட்டது. நம் ஊர்க் கொல்லரும் தச்சரும் குயவரும் என்ன அறிவார்கள் என்று நாம் கேட்டுக் குறித்து வைத்திருக்கிறோமா? விடுமுறை நாளில் ஒரு பட்டறைக்குச் சென்று நின்று பாருங்கள், கேளுங்கள், எழுதிவையுங்கள்.

அச்சிறுவனுக்கு நான் விடை கூறினேன். சூடான பிழம்பில் முட்கள் பொருந்திய அச்சை அழுத்திக் குழிகள் உண்டாக்கி, மேலே மற்றொரு படலம் கண்ணாடியைப் போர்த்துவர். உள்ளே அகப்பட்ட காற்றே குமிழியாய் நிற்கிறது. அவன் உடனே, “அப்படியானால் முள் அச்சை யார் செய்தார், ஐயா?” என்று கேட்டான். அவ்வினாவுக்கு நான் இன்னும் விடை தேடிக்கொண்டிருக்கிறேன்.